மூணு நாள் லீவு, ஒரு உளி, கொஞ்சம் மெழுகு

"தனியா ரெண்டு மூணு நாள் எங்கயாவது போய், கையால ஏதாவது கத்துக்கிட்டு வரணும் போல இருக்கு. எங்க போகலாம்?"

கேளம்பாக்கம் கூட்ரோட்டைச் சுத்திக் குடியிருக்கிறவங்ககிட்ட இந்தக் கேள்வி இப்போ அடிக்கடி காதுல விழுது. சிறுசேரியில பொட்டி தட்டுற தம்பி கேட்கிறான். பையனை வெளியூர் காலேஜுக்கு அனுப்பிட்டு வீட்டுல தனியா இருக்கிற அக்கா கேட்கிறாங்க. ரிட்டயர் ஆன பேங்க் மாமா ஒருத்தர், "கோயில் குளம் எல்லாம் பார்த்தாச்சு, இனிமே மண்ணைப் பிசையலாம்னு இருக்கேன்"னு சிரிக்கிறார். கேட்ட உடனே எல்லாரும் சொல்ற பதில் ஆரோவில், ஜெய்ப்பூர், இமாச்சல்னு தூர தூரமாப் போகும். நம்ம ஊர்லேருந்து வடக்கே இருபது, தெற்கே இருபத்தஞ்சு கிலோமீட்டருக்குள்ள என்ன இருக்குன்னு யாரும் திரும்பிப் பார்க்கிறதில்லை.

அதனால இந்தப் பதிவுல இடங்களோட பட்டியல் போடப்போறதில்லை. இந்தக் கரையில கைவேலை எப்படி வந்துச்சு, யாரு வளர்த்தாங்க, எதுக்காக வளர்த்தாங்கன்னு கொஞ்சம் வரலாறு பார்ப்போம். அது தெரிஞ்சா எங்க போறதுங்கிற முடிவு தானா வந்துடும்னு நினைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க மக்களே :)

முதல்ல கோவளம்

கேளம்பாக்கத்துலேருந்து உப்பங்கழியைத் தாண்டிக் கிழக்கே போனா அஞ்சாறு நிமிஷத்துல கோவளம். இன்னைக்கு மீன், அலைச்சறுக்கு, ரிசார்ட்டுன்னு தெரியிற ஊர், 1720களில் ஒரு ஐரோப்பியக் கம்பெனியோட துறைமுகம். கிழக்கிந்தியக் கம்பெனின்னா நமக்கு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும்தான் ஞாபகம் வருவாங்க. அந்த வரிசையில ஆஸ்டெண்ட் கம்பெனின்னு ஒண்ணும் இருந்தது. இப்போ பெல்ஜியம்னு சொல்ற நாட்டுல இருக்கிற ஆஸ்டெண்ட் துறைமுகத்துலேருந்து, ஆஸ்திரியப் பேரரசரோட பட்டயத்தை 1722ல வாங்கிக்கிட்டுக் கிளம்பினவங்க. அவங்க கோவளத்தைக் 'கபெலோன்'னு கூப்பிட்டாங்க. மத்த வல்லரசுகள் நெருக்கினதுல 1727லேயே பட்டயத்தை நிறுத்தி வெச்சுட்டாங்க. அப்புறம் நவாப், பிரெஞ்சுக்காரர்னு கைமாறி, 1752ல ராபர்ட் கிளைவ் கோவளம் கோட்டையைப் பிடிச்சு வெடிவெச்சுத் தகர்த்தார்.

சரி, இந்தக் கம்பெனிகள் எல்லாம் நம்ம கரைக்கு எதுக்கு வந்தாங்க? முக்கியமாத் துணிக்கு. கோரமண்டல்னு அவங்க வாயில நுழைஞ்ச சோழமண்டலத்தோட வண்ணத்துணிக்கு. அந்தத் துணியில சாயம் போடற விதம் கேட்க எளிமையா இருக்கும். நீலம் ஏறக்கூடாத இடத்துல எல்லாம் தேன்மெழுகைப் பூசி மூடிட்டு, துணியை அவுரிச் சாயத்துல முக்குவாங்க. மெழுகு இருந்த இடம் வெள்ளையாவே நிக்கும். அப்புறம் மெழுகை எடுத்துட்டு மத்த நிறங்களை ஏத்துவாங்க. இந்தத் துணிகள் ஐரோப்பாவுக்கு மட்டும் போகலை. அதுக்கு ரொம்ப முன்னாலேயே ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் போய்க்கிட்டிருந்தது. ஜாவாவோட பாத்திக் துணியில இருக்கிற சில வடிவங்கள்ல நம்ம கரையோட சாயலை ஆராய்ச்சிக்காரங்க காட்டுறாங்க.

இந்த மெழுகை ஞாபகம் வெச்சுக்கோங்க. இருநூறு வருஷம் கழிச்சு இதே கரையில மறுபடியும் வரப்போகுது.

டாக்டர் ஆரம்பிச்ச பள்ளிக்கூடம்

1850ல அலெக்சாண்டர் ஹண்டர்ங்கிற ஒரு ராணுவ மருத்துவர் சென்னையில தன் சொந்த முயற்சியில ஒரு கலைப்பள்ளியை ஆரம்பிச்சார். அடுத்த வருஷம் கைத்தொழிலையும் சேர்த்தார். 1852ல அரசாங்கம் அதை எடுத்துக்கிட்டது. இன்னைக்கு எழும்பூர் பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில இருக்கிற அரசு கவின் கலைக் கல்லூரிதான் அது. ஆரம்பத்துலேருந்தே அங்க ஒரு இழுபறி. இது ஓவியம் சொல்லித்தர இடமா, இல்ல தச்சு, மண்பாண்டம், உலோக வேலை சொல்லித்தர இடமா? ஒண்ணு 'கலை', இன்னொண்ணு 'கைத்தொழில்'. ஒண்ணுக்கு மதிப்பு, இன்னொண்ணுக்குக் கூலி. இந்தப் பிரிவு இன்னைக்கும் நம்ம தலைக்குள்ள அப்படியே உட்கார்ந்திருக்கு.

அந்தப் பள்ளியில 1930களில் ஒரு மாணவர் சேர்ந்தார். தந்தி இலாகாவுல வேலை பார்த்துட்டு, அதை விட்டுட்டு வந்தவர். பேரு கே.சி.எஸ். பணிக்கர். (ஆபீஸ் வேலையை விட்டுட்டு ஓவியம் கத்துக்கப் போறேன்னு சொல்ற தம்பிகளுக்கு ஒரு முன்னோடி கிடைச்சாச்சு.) 1944ல நண்பர்களோட சேர்ந்து முற்போக்கு ஓவியர் சங்கத்தை ஆரம்பிச்சார். 1957ல தேவிபிரசாத் ராய் சௌத்ரி ஓய்வு பெற்றதும் அவர் இடத்துல பணிக்கரே முதல்வர் ஆனார்.

முதல்வர் ஆனதும் அவர் கண்ணுக்குத் தெரிஞ்சது ஒரு பெரிய பிரச்சினை. நல்லா வரையிற பசங்க படிப்பு முடிச்சு வெளியே போறாங்க. அஞ்சு வருஷம் கழிச்சுப் பார்த்தா விளம்பரக் கம்பெனியிலயோ நெசவு டிசைன் மையத்துலயோ இருக்காங்க. வரையிறதை நிறுத்திட்டாங்க. அந்தக் காலத்துச் சென்னையில ஓவியம் வாங்கறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். ஓவியத்தை மட்டும் நம்பினா சாப்பாடு கிடையாது.

பணிக்கரும் கூட இருந்தவங்களும் கண்டுபிடிச்ச வழிதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடிச்ச இடம். கைவேலை செஞ்சு விப்போம், அந்தக் காசுல வாழ்வோம், மிச்ச நேரத்துல நமக்குப் பிடிச்சதை வரைவோம். அதுக்காக ஒரு கைவினைச் சங்கம் அமைச்சாங்க. என்ன கைவேலைன்னு கேட்டா, முக்கியமா பாத்திக்! மெழுகு பூசி, சாயத்துல முக்கி, மெழுகை எடுக்கிற அதே வேலை. கூடவே தோல், உலோகம், பீங்கான் வேலைகள். தாகூர் 1927ல ஜாவாவுக்குப் போய்வந்ததுக்கு அப்புறம் பாத்திக் சாந்திநிகேதன்ல வேர் பிடிச்சு, இந்தியாவுல திரும்பப் பரவ ஆரம்பிச்சிருந்தது. நம்ம கரையிலேருந்து கடல் தாண்டிப் போன மெழுகு வித்தை, ஒரு பெரிய சுத்து சுத்தி நம்ம கரைக்கே வந்து சேர்ந்துச்சுன்னு சொல்லலாம்.

பாத்திக் வித்த காசுல ஈஞ்சம்பாக்கத்துல எட்டுப் பத்து ஏக்கர் மணல்வெளி வாங்கினாங்க. 1966ல சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. அப்போ ஈசிஆர்ங்கிற பேரே கிடையாது. சவுக்கும் மணலும்தான். அரசாங்கத்தோட மானியத்தை நம்பி ஆரம்பிச்ச இடம் இல்லை அது. மாமல்லபுரம் போறதுக்கு நம்ம கேளம்பாக்கம் வழியாப் போற சாலைதான் அப்போ பிரதானம். அதனாலதான் அதுக்கு இன்னைக்கும் 'பழைய' மாமல்லபுரம் சாலைன்னு பேரு.

சுல்தான் அலி, ஹரிதாசன், வாசுதேவ், சேனாதிபதி, பணிக்கரோட மகன் நந்தகோபால்னு பெரிய பட்டாளமே அந்த இடத்தோட சேர்ந்து வளர்ந்தது. உலகத்துல எத்தனையோ ஓவியர் குடியிருப்புகள் பத்து இருபது வருஷத்துல கலைஞ்சுபோயிருக்கு. இது 1977ல பணிக்கர் மறைஞ்ச பிறகும் நின்னு, அறுபது வருஷத்தைத் தொட்டிருக்குன்னா, நிலம் அவங்களோடது, சோறு அவங்க கைவேலையோடதுங்கிறதுதான் முக்கியக் காரணம்னு எனக்குத் தோணுது.

இங்க ஒண்ணு கவனிச்சீங்களா? நாம இப்போ ஆபீஸ் வேலையிலேருந்து தப்பிச்சு 'ரிலாக்ஸ்' பண்ண பாத்திக் கத்துக்கப் போறோம். அவங்களுக்கு பாத்திக்தான் ஆபீஸ். அதை முடிச்சுட்டு ஓவியத்துக்கு 'லீவு' எடுத்துக்கிட்டாங்க!

இதை எழுதும்போது கே. ராமானுஜத்தையும் சொல்லாம இருக்க முடியலை. பேனா மையால கோட்டைகளும் விசித்திர மிருகங்களுமா ஒரு கனவு உலகத்தையே வரைஞ்சவர். சோழமண்டலத்துல வாழ்ந்தவர். 1973ல, முப்பது சொச்சம் வயசுலேயே போய்ச் சேர்ந்துட்டார். கடற்கரை, தனிமை, கலை, மூணும் சேர்ந்தா மனசு தானா ஆறிடும்னு யாராவது சொன்னா எனக்கு அவர் ஞாபகம் வரும். தனியாப் போறது நல்லதுதான். ஆனா கையில ஒரு வேலையும், பக்கத்துல அதைச் சொல்லித்தர ஒரு ஆளும் இருக்கணும்.

கல்லுக்கு நாலு வருஷம்

பணிக்கர் முதல்வர் ஆன அதே 1957லதான் தெற்கே மாமல்லபுரத்துல இன்னொண்ணு நடந்தது. அரசாங்கம் சிற்பப் பயிற்சிக்கு ஒரு நிலையம் ஆரம்பிச்சது. அதுதான் இன்னைக்கு அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. பிள்ளையார்பட்டிக்காரரான வை. கணபதி ஸ்தபதி பல வருஷம் அதுக்குத் தலைமை வகிச்சார். கன்னியாகுமரியில 2000 ஜனவரி 1 அன்னைக்குத் திறந்த 133 அடி வள்ளுவர் சிலை அவர் செஞ்சது. அப்பாகிட்டேருந்து பிள்ளைக்கு, பட்டறையில மட்டுமே போய்க்கிட்டிருந்த ஒரு வித்தைக்கு வகுப்பறை, பாடத்திட்டம், பட்டம் எல்லாம் கிடைச்சது. சிற்பி குடும்பத்துல பிறக்காத பசங்களுக்கும் கதவு திறந்தது.

இன்னைக்கு மாமல்லபுரத்துல எந்தத் தெருவுல நடந்தாலும் உளிச்சத்தம் கேட்கும், கூடவே கட்டிங் மெஷின் சத்தமும். ஏதோ பல்லவர் காலத்துலேருந்து விடாமக் கேட்கிற சத்தம்னு சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லுவாங்க. ஆனா இப்போ நாம பார்க்கிற இந்தப் பட்டறைத் தெருக்கள் வளர்ந்ததுல 1957க்கும் பெரிய பங்கு இருக்கு. 2015ல உலகக் கைவினைக் கவுன்சில் மாமல்லபுரத்தைக் கற்சிற்பத்துக்கான உலகக் கைவினை நகரம்னு அறிவிச்சது. 2017ல மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது.

அந்தக் கல்லூரியில பட்டப்படிப்பு நாலு வருஷம். நாம மூணு நாள்ல என்ன கத்துக்க முடியும்? நேர்மையாச் சொன்னா, கருங்கல்லுல ஒண்ணும் முடியாது. மாக்கல் மாதிரி மெத்துனு இருக்கிற கல்லுல ஒரு பக்கத்தைச் சமமாக்கி, ஒரு தாமரை இதழைக் கொண்டுவரலாம். அது போதாதான்னு கேட்டா, போதும்னுதான் சொல்லுவேன். ஏன்னா அதுக்கப்புறம் அர்ச்சுனன் தபசு முன்னால நின்னா, பார்க்கிற கண்ணே வேற. முக்கியமா, முடியாம விட்ட ரதங்களையும் குகைகளையும் போய்ப் பாருங்க. சில இடத்துல பாறையைக் கட்டம் கட்டமாக் காடி வெட்டி, நடுவுல நிக்கிற சதுரங்களை ஒவ்வொண்ணாத் தட்டி எடுத்திருக்கிறது அப்படியே தெரியும். முடிஞ்ச கோயில் அழகைக் காட்டும். முடியாத கோயில்தான் வேலையைக் காட்டும். கத்துக்க வந்தவனுக்கு ரெண்டாவதுதான் வாத்தியார்.

(கல்லைத் தொடப்போறவங்களுக்கு ஒரு வார்த்தை. கல்தூசி நுரையீரலைக் கெடுக்கும். வாழ்நாள் முழுக்க அதுல உட்கார்றவங்களுக்கு அது தொழில்நோயாவே வரும். முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.)

முட்டுக்காட்டு வீடுகள்

மூணாவது கதை ரெண்டுக்கும் நடுவுல, முட்டுக்காட்டுல. அமெரிக்காவுல பிறந்து இங்க வாழ்க்கைப்பட்டு வந்த டெபோரா தியாகராஜன், 1984ல மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனை ஆரம்பிச்சார். அந்தச் சமயத்துல செட்டிநாட்டுல பெரிய பெரிய வீடுகளைப் பிரிச்சுத் தேக்குத் தூணையும் கதவையும் விலைக்குப் போட்டுக்கிட்டிருந்தாங்க. அப்படி அழிஞ்சுபோற வீடுகளைக் கழட்டி எடுத்து வந்து, திரும்பக் கட்டலாமேங்கிறதுதான் தக்ஷிணசித்ராவோட அடிப்படை. லாரி பேக்கர் வடிவமைப்பு கொடுத்தார், பென்னி குரியகோஸ் தொடர்ந்து கட்டினார். 1996 டிசம்பர்ல பொதுமக்களுக்குத் திறந்தாங்க. பத்து ஏக்கர்ல செட்டிநாட்டு வீடு, கேரளத்துப் புதுப்பள்ளியிலேருந்து வந்த கிறிஸ்தவ வீடு, கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடுன்னு தென்னாடே ஒரு காம்பவுண்டுக்குள்ள இருக்கு.

வீடு மட்டும் இருந்தா அது மியூசியம். அந்த வீடுகளுக்குப் பக்கத்துலேயே குயவர், ஓலை பின்றவர், நெசவாளர்னு வேலை செய்யிறவங்களும் இருக்காங்க. வர்றவங்க சக்கரத்துல கை வைக்கலாம். பயிற்சிப் பட்டறைகளும் நடத்துறாங்க. தங்கறதுக்கு அறைகளும் உண்டு.

கடல் தாண்டி ஒரு ஒப்பீடு. 1923ல அமெரிக்காவோட வட கரோலினா மலையில லூசி மார்கன்னு ஒரு டீச்சர், ஊர்ப் பெண்களுக்கு வருமானம் வரட்டும்னு வீட்டுக்கு வீடு தறி கொடுத்து நெசவை மீட்டெடுத்தார். அதைப் பார்த்து வெளியூர்க்காரங்க "எங்களுக்கும் சொல்லிக் கொடுங்க"ன்னு வர ஆரம்பிச்சாங்க. 1929லேருந்து அது பென்லாண்ட் கைவினைப் பள்ளியா மாறி, இன்னைக்கும் கோடைவிடுமுறைக்குத் தனியா வந்து கத்துக்கிட்டுப் போறவங்க கூட்டம் குறையலை. 'கைவேலை விடுமுறை'ங்கிற இன்னைய பழக்கத்தோட தாய்வீடுகள்ல அது ஒண்ணு. அங்கயும் முதல்ல வந்தது ஒரு ஏழை ஊரோட பொழைப்பு, விடுமுறை அப்புறம்தான் வந்தது.

அப்போ எப்படித்தான் தேர்ந்தெடுக்கிறது?

மேல சொன்ன எல்லாக் கதையிலயும் நின்னு நிலைச்சது எதுன்னு பாருங்க. யாரோ ஒருத்தருக்கு அது சோறு போட்டிருக்கு. அதனால நான் சொல்ற முதல் அளவுகோல்: சொல்லித்தர்றவர் அந்த வேலையில வாழறவரா? ஹோட்டல்காரங்க ரெண்டு மணி நேரத்துக்கு ஏற்பாடு பண்ற 'அனுபவம்' வேண்டாம்னு இல்லை. ஆனா அதுல கொடுக்கிற காசு பெரும்பாலும் ஹோட்டலுக்குப் போகும். பட்டறைக்கே போய் நேராக் கேட்டா, நேரம் அதிகம் கிடைக்கும், காசும் கைக்குப் போகும். அங்க பேரம் பேசாதீங்க. நமக்காக அவர் நிறுத்தி வைக்கிற வேலைக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம்.

ரெண்டாவது, எத்தனை நாள் இருக்கு? ஒரு நாள்தான்னா ஓலைப் பின்னல். சாயந்திரம் கையில ஒரு சின்னப் பெட்டியோட வரலாம். ரெண்டு நாள்னா பாத்திக். மெழுகு, சாயம், காயவிடறது, மறுபடி சாயம்னு போகும். மெழுகு விரிஞ்ச இடத்துல சாயம் புகுந்து வர்ற கோடுகள் ஒவ்வொரு துணிக்கும் வேற வேற. மண் பாத்திரம்னா கவனம். வனையிறது அரை மணி நேரம். நல்லாக் காயப் பல நாள், அப்புறம்தான் சூளை. அதனால வனைஞ்சதை வாங்கிக்க இன்னொரு தடவை போகணும். பக்கத்து ஊர்க்காரங்களுக்குத்தான் அந்த வசதி. ஜெய்ப்பூர் போனவங்களால அது முடியுமா? :)

மூணாவது, பருவம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில மண்ணும் காயாது, சாயமும் காயாது. கத்திரி வெயில்ல கல் பட்டறையில உட்கார முடியாது. தை, மாசி, பங்குனி நல்ல காலம். அப்போ கேளம்பாக்கம் கழியில பறவைகளையும் பார்த்துக்கிட்டே போகலாம்.

நாலாவது, தனியாப் போறது. நம்ம ஊர்ல "தனியாவா போற? வீட்டுல ஏதாவது சண்டையா?"ன்னுதான் முதல் கேள்வி வரும். பொம்பளைங்கன்னா ரெண்டு மடங்கு வரும். கும்பலாப் போனா பேச்சு ஜாஸ்தி, வேலை கம்மி. "எனக்கு வரலைப்பா"ன்னு சிரிச்சுட்டு எழுந்துடலாம். தனியாப் போனா அது முடியாது, மண்ணும் நீங்களும்தான். சந்தேகம் இருந்தா முதல் தடவை காலையில போய் ராத்திரி வீடு திரும்புற மாதிரி வெச்சுக்கோங்க. கோவளம் வரைக்கும் போயிட்டா ஈசிஆர்ல ரெண்டு பக்கமும் பஸ் இருக்கு. ரெண்டாவது தடவை தங்குங்க.

ஒரு தடவைக்கு ஒரு வேலைதான். அதை மட்டும் கண்டிப்பாச் சொல்லுவேன். மூணு நாள்ல அஞ்சு கைவேலை காட்டுறோம்னு சொல்ற இடத்துல எதுவுமே கையில ஒட்டாது.

அப்புறம், செஞ்சு எடுத்துட்டு வர்ற பொருள் கோணலாத்தான் இருக்கும். பரவாயில்லை. அடுத்த தடவை மாமல்லபுரத்துல ஒரு சிலைக்கோ, முட்டுக்காட்டுல ஒரு பானைக்கோ விலை கேட்கும்போது "இவ்வளவா?"ன்னு வாய் திறக்காது. அந்த விலைக்குள்ள எத்தனை மணி நேரம் இருக்குன்னு விரலுக்குத் தெரிஞ்சிருக்கும். பணிக்கர் காலத்துல பாத்திக் வாங்கின முகம் தெரியாத ஆட்கள்தான் ஒரு ஊரையே கட்ட உதவினாங்க. வாங்கறவங்களும் இந்த வரலாற்றுல ஒரு பகுதிதான்.

உங்கள்ல யாராவது இந்தப் பக்கம் தனியா வந்து ஏதாவது கத்துக்கிட்டிருந்தா எழுதுங்க. எந்த வேலை, எத்தனை நாள், யார்கிட்ட எப்படிக் கேட்டீங்கன்னு சொன்னா அடுத்தவங்களுக்கு உதவும்.

பி.கு: தக்ஷிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. பட்டறை எந்தெந்த நாள்னு முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டுட்டுக் கிளம்புங்க.